ஒளிரும் புரதத்துக்கு ஒரு தொட்டிக் கணக்கு

அக்கா மகள் இங்கே சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். பச்சையாக ஒளிரும் புரதத்தை உண்டாக்கும்படி மரபணு சேர்க்கப்பட்ட ஈ.கோலை நுண்ணுயிரை 96 குழிகள் கொண்ட தட்டில் வளர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கலங்கலையும் (உயிரணுக்கள் எவ்வளவு பெருகின என்பதைக் காட்டுவது) ஒளிர்வையும் கருவி அளந்து தந்த எண்களை விரிதாளில் எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். “இதுக்கு ஒரு கணித மாதிரி போடணும் மாமா. வரைபடத்துல கோடு பொருந்துனா போதும்,” என்றாள். கோடு பொருத்துவதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று நினைத்துத்தான் நானும் ஒப்புக்கொண்டேன். அந்தக் கோடு எங்களிடமிருந்து ஐந்து சனிக்கிழமைகளை வாங்கிக்கொண்டது.

நான் உயிரியல் படித்தவன் அல்லன். ஆலைகளில் தொட்டி மட்டம், நீரோட்டம், அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஆகவே அவள் சொன்ன கதையை எனக்குத் தெரிந்த தொட்டிகளாகவே மாற்றிக்கொண்டேன். தேக்காவில் வாங்கிய நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தொட்டிகள் வரைந்தோம். மேல் தொட்டியில் இருப்பது தூது ஆர்.என்.ஏ.; மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்டு வந்து சேர்வது வரவு, சிதைந்து போவது செலவு. கீழ்த் தொட்டியில் இருப்பது புரதம். மேல் தொட்டியில் எத்தனை தூது இருக்கிறதோ அதற்கேற்ப ரைபோசோம்கள் புரதம் கோத்துத் தருவது வரவு. அதன் செலவு எது என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. அந்தப் புரதம் ஈ.கோலைக்குள் எளிதில் சிதையாது, ஒரு நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும் என்று அவளே சொன்னாள். வடிகால் இல்லாத தொட்டி நிரம்பிக்கொண்டே போக வேண்டும். அவளுடைய வரைபடத்திலோ, உயிரணு ஒன்றுக்கு இவ்வளவு என்று வகுத்துப் போட்ட ஒளிர்வு மூன்று மணி நேரத்தில் ஏறி ஒரு மட்டத்தில் படிந்து நின்றது.

விடை சமையலறையிலிருந்து வந்தது. அன்று மதியம் எதிர்பாராத விருந்தினர் இருவர் வந்ததால் என் மனைவி சாம்பாரில் தண்ணீர் விட்டு இறக்கினார். உப்பை யாரும் வெளியே எடுக்கவில்லை, ஆனாலும் உறைப்பும் உப்பும் குறைந்துவிட்டன. உயிரணுவும் அப்படித்தான். அது வளர்ந்து பருத்து இரண்டாகப் பிரியும்போது, உள்ளே இருந்த புரதம் இரண்டு பேருக்குப் பங்காகிறது. ஆகவே சிதைவே இல்லாவிட்டாலும் வளர்ச்சியே ஒரு வடிகால். நுண்ணுயிர் 40 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்றால், அதன் வளர்ச்சி வீதம் இரண்டின் இயல் மடக்கையான 0.693ஐ நாற்பதால் வகுத்த 0.0173, அதாவது நிமிடத்துக்கு 1.73 விழுக்காடு. இந்த எண்தான் இந்தக் கணக்கு முழுவதன் முதுகெலும்பு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

தாளில் எழுதிய இரண்டு சமன்பாடுகள் இவை:

தூது மாறும் வீதம் = படியெடுப்பு வீதம் − (தூதின் சிதைவு வீதம் + வளர்ச்சி வீதம்) × தூதின் எண்ணிக்கை

புரதம் மாறும் வீதம் = கோப்பு வீதம் (ஒரு தூதிலிருந்து புரதம் கோக்கப்படும் வேகம்) × தூதின் எண்ணிக்கை − வளர்ச்சி வீதம் × புரதத்தின் எண்ணிக்கை

எண்களைப் போடும்முன், இந்த வேலைகள் எவ்வளவு வேகத்தில் நடக்கின்றன என்று கையாலேயே கணக்குப் பார்த்தோம். பச்சை ஒளிர் புரதத்தில் 238 அமினோ அமிலங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து வீதம், நிறுத்தக் குறியையும் சேர்த்தால் மரபணு ஏறத்தாழ 720 எழுத்து நீளம். 37 பாகை வெப்பத்தில் நன்கு வளரும் ஈ.கோலையில் படியெடுக்கும் நொதி நொடிக்குச் சுமார் 45 எழுத்து நகர்கிறது. ரைபோசோம் நொடிக்குச் சுமார் 15 அமினோ அமிலம் கோக்கிறது. இரண்டுக்குமே 16 நொடிதான் ஆகிறது. இது தற்செயல் அன்று. பாக்டீரியாவில் தூது முழுதாக எழுதி முடிவதற்குள்ளேயே ரைபோசோம் அதன் தலைப்பில் ஏறிவிடும் என்பதால், எழுதுபவரும் படிப்பவரும் ஏறக்குறைய ஒரே நடையில் போகிறார்கள். தூதின் அரை ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்களே. நாங்கள் 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம், அதாவது சிதைவு வீதம் நிமிடத்துக்கு 0.139. படியெடுப்பு நிமிடத்துக்கு 2, ஒரு தூதிலிருந்து கோப்பு நிமிடத்துக்கு 20 என்று ஊகமாகப் போட்டதில், தூது 13க்கு அருகிலும் புரதம் 14,800க்கு அருகிலும் நிலைத்தன. தொட்டிக்காரனான எனக்கு இதில் வியப்பாக இருந்தது ஒன்று: புரதம் தன் நிலைமட்டத்தில் பாதியை எட்ட ஆகும் நேரத்தை, உற்பத்தி வேகம் அன்று, பெரும்பாலும் இரட்டிப்பு நேரமே தீர்மானிக்கிறது. குழாயை அகலத் திறந்தால் மட்டம் உயரும். ஆனால் பாதி மட்டத்தைத் தொட ஆகும் நேரம் மாறாது.

பைத்தான் என்ற கணினி மொழியில் இருபது வரி எழுதி ஓட்டினோம். கோடு பொருந்தவே இல்லை. தரவு மூன்று மணி நேரத்தில் மட்டமான இடத்தில் எங்கள் கோடு ஆறு மணி நேரமாகியும் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று மாலை முழுவதும் சமன்பாட்டில் குற்றம் தேடினேன். குற்றம் விரிதாளில் இருந்தது. வளர்ச்சி வீதத்துக்கு அவள் தந்த எண் 0.0075. அதன்படி இரட்டிப்பு நேரம் 92 நிமிடம். ஆனால் எண்களைக் கண்ணால் மேய்ந்தாலே, கலங்கல் 0.1இலிருந்து 0.2 ஆக நான்கு வரிசைகள்தான், அதாவது 40 நிமிடம்தான், எடுத்திருந்தது தெரிந்தது. 0.0173ஐ 0.0075ஆல் வகுத்தால் 2.3, பத்தின் இயல் மடக்கையான இந்த 2.3 மடக்கை பயன்படுத்துகிறவர்களுக்குப் பழைய பகையாளி. விரிதாளில் ‘லாக்’ என்று அடித்தால் அது பத்தை அடியாகக் கொண்ட மடக்கையைத் தருகிறது. எங்கள் சமன்பாட்டுக்கு வேண்டியது இயல் மடக்கை. பைத்தானின் நம்பை நூலகத்தில் அதே பெயருக்கு இயல் மடக்கை வரும் என்பதால், இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர் இந்தக் குழியில் விழாமல் இருந்தால்தான் அதிசயம். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை. அளவுகோல் மாறிப்போன கருவி ஒன்றை நான் இரண்டு நாள் பிரித்து மேய்ந்த கதையை என் மனைவி அவளிடம் முன்பே சொல்லியிருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை, எண்களைச் சுத்தம் செய்வதிலேயே கழிந்தது. நுண்ணுயிர் வளரும் ஊட்டக் குழம்பே நீல ஒளிபட்டால் மஞ்சட்பச்சையாகக் கொஞ்சம் ஒளிரும். அதைக் கழிக்க வேண்டும். வெறும் குழம்பை மட்டும் கழித்தால் போதாது, ஒளிர் மரபணு இல்லாத அதே வகை நுண்ணுயிர் அதே கலங்கலில் எவ்வளவு ஒளிர்கிறதோ அதைக் கழிப்பதே சரி. நல்ல வேளையாக அவள் அந்தக் குழிகளையும் வைத்திருந்தாள். கலங்கலிலும் ஒரு சிக்கல்: குழியில் 200 மைக்ரோலிட்டர் ஊற்றினால் ஒளி கடக்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே பாதிக்கு மேல்தான் இருக்கும், தவிர, கலங்கல் கூடக் கூடக் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். இதையெல்லாம் சரிக்கட்டிய பிறகும் முதல் அரைமணி நேரத்து எண்களை நாங்கள் நம்பவில்லை. சிறிய எண்ணிலிருந்து ஏறக்குறைய அதே அளவு எண்ணைக் கழித்து, இன்னொரு சிறிய எண்ணால் வகுத்தால் கிடைப்பது கடலைப்பருப்பைத் துலாக்கோலில் ஒவ்வொன்றாக நிறுப்பது போல ஆடிக்கொண்டிருக்கும்.

திருத்திய வளர்ச்சி வீதத்தோடு ஓட்டியபோது வடிவம் பொருந்தியது, நேரம் பொருந்தவில்லை. எங்கள் மாதிரி 47ஆவது நிமிடத்தில் பாதி மட்டத்தைத் தொட்டது. தரவு அதே பாதியை 75ஆவது நிமிடத்தில்தான் தொட்டது. தொழிலில் இப்படி ஒரு பின்னடைவைக் கண்டால் நடுவே இன்னொரு சிறு தொட்டி ஒளிந்திருக்கிறது என்றுதான் நினைப்போம். அக்கா மகள் பாடக் குறிப்பைப் புரட்டி அந்தத் தொட்டியைக் கண்டுபிடித்தாள். 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் புரதம், கோத்து முடிந்தவுடன் ஒளிர்வதில்லை. அது மடிந்து, அதன் நடுவே 65, 66, 67ஆம் இடங்களில் உள்ள மூன்று அமினோ அமிலங்கள் ஒரு வளையமாக மாறி, ஆக்சிஜனோடு வினைபுரிந்த பிறகே ஒளிரும். அதாவது கருவி காண்பது முதிர்ந்த புரதத்தை மட்டுமே. இளம் புரதம் இருட்டில் நிற்கிறது. மூன்றாவது சமன்பாடு சேர்த்தோம். முதிர்வின் அரைநேரம் 15 நிமிடம் என்று வைத்தால் பாதி மட்டம் 64ஆவது நிமிடத்துக்கு நகர்ந்தது. நிலைமட்டத்தை எட்டிய பின் எந்த நேரத்தில் பார்த்தாலும் புரதத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் இன்னும் ஒளிராமல் இருக்கிறது என்பதும் அதே கணக்கில் தெரிந்தது. அது ஒளிர்வதற்குள் வளர்ச்சி அதையும் நீர்க்கச் செய்துவிடுகிறது.

இன்னும் 11 நிமிடம் உதைத்தது. முதிர்வு நேரத்தை 25, 30 என்று நீட்டினால் கோடு அழகாகப் பொருந்தும்; அவளுக்கு அதுவே போதும் என்றிருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தட்டை எப்படி மூடினாய் என்று கேட்டேன். ஓரக் குழிகள் ஆவியாகி வற்றுகின்றன என்று சொல்லி, ஒளிபுகும் ஒட்டுப்படலத்தால் இறுக மூடியிருக்கிறார்கள். உள்ளே பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உறிஞ்ச, வெளியிலிருந்து காற்று வரத் தாமதமாக, ஒளிர ஆக்சிஜன் வேண்டிய புரதம் காத்துக் கிடந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் படலத்துக்குப் பதில் தளர்வான மூடியைப் போட்டு, ஓரக் குழிகளில் வெறும் நீரை ஊற்றி வைத்து, உட்குழிகளை மட்டும் கணக்கில் எடுத்தாள். பாதி மட்டம் 65ஆவது நிமிடத்தில் வந்தது. மூன்றாவது சனிக்கிழமை இந்த எண்ணைப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சியில், எதிரே உள்ள காப்பிக்கடையில் இருவருக்கும் பரோட்டா என் செலவில் ஆயிற்று. முதிர்வு எண்ணை நீட்டிப் பொருத்தியிருந்தால், ஒட்டுப்படலத்தின் குற்றம் புரதத்தின் இயல்பாகப் பதிவாகியிருக்கும்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வந்த பகுதிதான் எங்களை அதிகம் வாட்டியது. மட்டமாக நின்ற ஒளிர்வு நான்காவது மணியில் மறுபடி ஏறத் தொடங்கியது. யாரும் புதிதாக எதையும் ஊற்றவில்லை. ஊட்டம் தீர்ந்து நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும் நேரம் அது. சோர்ந்த ஆலையில் உற்பத்தி எப்படிக் கூடும்? வளர்ச்சி வீதத்தை ஒரே எண்ணாக வைத்திருந்த எங்கள் மாதிரியால் இதைச் சொல்லவே முடியவில்லை. அதனால் அந்த எண்ணை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு நேரத்திலும் கலங்கல் ஏறும் சாய்விலிருந்தே கணக்கிட்டோம். பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்தால் சாய்வு கன்னாபின்னாவென்று குதித்தது. ஐந்து ஐந்து புள்ளிகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி அதன் சாய்வை எடுத்தபோது அடங்கியது. உற்பத்தியையும் ஊகிக்காமல் தரவிலிருந்தே எடுத்தோம்: மொத்த ஒளிர்வு ஏறும் வேகத்தைக் கலங்கலால் வகுத்தால், உயிரணு ஒன்றின் உற்பத்தி வேகம் கிடைத்துவிடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்ததும் விளங்கிவிட்டது. ஐந்தாவது மணியில் உற்பத்தி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. வளர்ச்சியோ அதைவிட வேகமாகச் சுருங்கி ஏறக்குறைய நின்றேவிட்டது. விருந்தினர் வரத்து நின்று தண்ணீர் விடுவதும் நின்ற பிறகு, உப்பை மட்டும் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டிருந்தால் சாம்பார் கரிக்கத்தானே செய்யும்.

இது தெரிந்த பிறகு, அவள் முன்பே முடித்துவைத்திருந்த இன்னொரு வரைபடத்தையும் பிரிக்க வேண்டியதாயிற்று. மரபணுவைத் தூண்ட ஐ.பி.டி.ஜி. என்ற வேதிப்பொருளைப் பல அளவுகளில் ஊற்றியிருந்தாள். 1961இல் ஜாக்கோபும் மோனோவும் விளக்கிய, லாக்டோஸ் என்ற பாற்சர்க்கரையைச் செரிக்க உதவும் லாக் மரபணுத் தொகுதியில் (இந்த லாக் மடக்கை அன்று) தடுப்புப் புரதம் ஒன்று பூட்டுப் போல உட்கார்ந்திருக்கும். லாக்டோசைப் போன்ற உருவம் கொண்ட ஐ.பி.டி.ஜி. அந்தப் பூட்டைத் திறக்கும், ஆனால் லாக்டோசைப் போல நுண்ணுயிர் அதைத் தின்றுவிடாது என்பதால் அளவு மாறாமல் இருக்கும். அளவு கூடக் கூட ஒளிர்வு கூடியதை எல்லாம் பூட்டு திறந்த கணக்கில் எழுதியிருந்தாள். ஆனால் மிக அதிக அளவு ஊற்றிய குழிகளில் இரட்டிப்பு நேரம் 40இலிருந்து 52 நிமிடமாக நீண்டிருந்தது. ரைபோசோம்கள் எல்லாருக்கும் பொது. பயனில்லாத ஒரு புரதத்தைக் கோக்க அவற்றில் கணிசமான பங்கைப் பிடுங்கிக்கொண்டால் உயிரணுவின் சொந்த வளர்ச்சி தளர்கிறது. 52ஐ 40ஆல் வகுத்தால் 1.3. உற்பத்தி வேகம் துளியும் கூடாமலே, வடிகால் சுருங்கியதால் மட்டும் மட்டம் 30 விழுக்காடு உயர்ந்துவிடும். ஆகவே ஒளிர்வு மட்டத்துக்குப் பதில் உற்பத்தி வேகத்தை வைத்து அந்த வரைபடத்தை மறுபடி வரைந்தாள். நடுத்தர அளவுகளில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும்: 1957இல் நோவிக், வெய்னர் இருவரும் காட்டியபடி, இந்தத் தொகுதியில் சில உயிரணுக்கள் முழுதாகத் தூண்டப்பட்டும் மற்றவை தூண்டப்படாமலும் கலந்து நிற்கக்கூடும், குழி முழுவதையும் கூட்டிப் பார்க்கும் கருவி அதைப் ‘பாதித் தூண்டல்’ என்று காட்டிவிடும்.

கடைசி இரண்டு சனிக்கிழமைகளும் ஒரே கேள்வியில் போயின. அறிக்கையில் படியெடுப்பு வீதத்தையும் கோப்பு வீதத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பது அவள் விருப்பம். கணினியைப் பொருத்தச் சொன்னால் அது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் ஜோடிகளை, அதாவது இரட்டைகளை, தந்தது. பொருத்தம் மட்டும் எப்போதும் ஒரே தரம். 2, 20 என்று போட்டாலும் 4, 10 என்று போட்டாலும் புரதம் அதே 14,800தான். ஏறும் வழியும் நிமிடம் பிசகாமல் அதேதான். சமன்பாட்டைக் கையால் தீர்த்துப் பார்த்தால் காரணம் கண்முன்னே இருந்தது: அந்த இரண்டு எண்களும் எங்கே வந்தாலும் பெருக்கலாகவே வருகின்றன. குழி முழுவதன் ஒளிர்வை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்தப் பெருக்கலைப் பிரிக்க முடியாது.

பிரிக்க வழி உண்டா என்று பார்க்க, 1977இல் கில்லெஸ்பி எழுதிய முறையில் உயிரணுக்களைத் தனித்தனியாக ஓட்டினோம். அடுத்த நிகழ்வு எப்போது, அது எந்த நிகழ்வு என்று ஒவ்வொரு அடியிலும் இரண்டு சீட்டுக் குலுக்கி முன்னேறும் முறை அது. எங்களுக்கு நான்கே நிகழ்வுகள், தூது பிறத்தல், தூது போதல், புரதம் பிறத்தல், புரதம் போதல். 500 உயிரணுக்களை மடிக்கணினி விசிறி இரைய ஓட்டி முடிப்பதற்குள் நாங்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டோம். சராசரி இரண்டு இரட்டைகளுக்கும் ஒன்றுதான். ஆனால் உயிரணுவுக்கு உயிரணு உள்ள ஏற்ற இறக்கம் முதல் இரட்டைக்குச் சுமார் 9 விழுக்காடு, இரண்டாவதற்குச் சுமார் 6 விழுக்காடு. முதல் வகையில் தூது குறைவு, ஒவ்வொன்றும் தன் ஆயுளில் 128 புரதம் போட்டுவிட்டுப் போகிறது. இரண்டாவதில் தூது அதிகம், ஒவ்வொன்றும் 64. மாதம் ஒருமுறை பெரிய மூட்டையாக அரிசி வாங்கும் வீட்டில் அரிசி டின்னின் மட்டம் அதிகம் ஏறி இறங்கும், வாரந்தோறும் சிறு பை வாங்கும் வீட்டில் அவ்வளவு ஆடாது என்று சொன்னேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

அப்படியானால் உயிரணுக்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவியில் ஓட்டி ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் பிரித்துவிடலாமே என்று அவள் துள்ளியது இயல்பு. ஆனால் ஈ.கோலையில் அதிகமாக உண்டாகும் புரதங்களுக்கே உயிரணுவுக்கு உயிரணு 30 விழுக்காடு அளவுக்கு வேறுபாடு இருக்கிறது. ஒரே குழியில் பிறந்தவற்றில்கூட ரைபோசோம் எண்ணிக்கை, பருமன், பிரியும் பருவம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அந்த 30க்குள் 9க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு கரைந்துபோகும். 2002இல் எலோவிட்ஸ் குழுவினர் இதற்காகவே ஒரே உயிரணுவில் இரண்டு நிற ஒளிர் புரதங்களை வைத்து, இரண்டும் சேர்ந்து ஆடும் பகுதியைத் தள்ளிவிட்டு, தனித்து ஆடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். எங்களிடம் ஒரு நிறம்தான் இருந்தது. இறுதியாண்டு முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

ஆகவே அறிக்கையின் அட்டவணையில் அந்த இரண்டு எண்களுக்கு உரிய இடத்தில் ஒரே எண்ணை, பெருக்கல் என்று குறிப்பிட்டு, எழுதினாள். ஒளிர்வை மூலக்கூறு எண்ணிக்கையாக மாற்றும் அளவுத்திருத்தம் எங்களிடம் இல்லாததால் அதுவும் கருவியின் சொந்த அலகில்தான் இருந்தது; 14,800 என்ற எண்ணை அறிக்கையில் எங்கும் சேர்க்கவில்லை. வாய்மொழித் தேர்வில் இரண்டு எண்களையும் ஏன் தனித்தனியாகத் தரவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு இரட்டைகளுக்கும் வரைந்த படத்தைத் திரையில் காட்டியிருக்கிறாள். ஒரு கோடுதானே தெரிகிறது, இன்னொன்று எங்கே என்று மறுபடி கேட்டிருக்கிறார்கள். மேலே இருந்த கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றி, இடைவெளிகளில் அடியில் கிடந்த மற்றதைக் காட்டினாளாம்.